மறுபடியும் ஒரு வாய்ப் பருப்பு

சில வருடங்களுக்கு முன், நோன்புப் பெருநாள் முடிந்து, பள்ளிக்கூடங்களுக்கு முழுப்பரீட்சை லீவு விட்டிருந்த சமயம். திண்டுக்கல் நாகல் நகரில் எங்கள் வீட்டு அடுப்படியில் என் மகள் அரை இட்லியை யாருக்கும் தெரியாமல் எடுத்துத் தின்றுவிட்டாள். இட்லி தின்றதெல்லாம் ஒரு சம்பவமா என்று நீங்கள் கேட்கலாம். எங்களுக்கு அன்று உயிர் போய்த் திரும்பியது.

முந்தைய கதையைச் சொன்னால்தான் புரியும். எங்கள் வீட்டுக்கு வாசல் ஒன்று, அடுப்படி ஒன்று, குடும்பம் இரண்டு. என் கணவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து தோல் வியாபாரம் பார்க்கிறார்கள். அண்ணனின் மனைவி எனக்கு ஓரகத்தி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவுக்கு ஒரு பையன், எனக்கு ஒரு பெண். இருவருக்கும் சில மாதங்கள்தான் வித்தியாசம். ஒரே தொட்டிலில் மாற்றி மாற்றிப் போட்டுத் தூங்க வைத்த பிள்ளைகள்.

என் மகளுக்கு மூன்று வயது நடந்தபோது, யாரோ கொடுத்த கடலை மிட்டாயை இரண்டு பிள்ளைகளும் ஆளுக்கொரு துண்டு தின்றார்கள். அக்கா பையன் இன்னொன்று கேட்டான். என் மகளுக்கோ உதடு வீங்கியது. உடம்பெல்லாம் தடித்துச் சிவந்தது. வாந்தி எடுத்தாள். மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம் கேட்டது. நல்லவேளையாகப் பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருந்தது. ஊசி போட்டுக் காப்பாற்றிவிட்டார்கள். நிலக்கடலை அலர்ஜி என்றார்கள்.

பிறகு ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். முடிவு வந்தபோது நிலக்கடலை மட்டுமல்ல, துவரம்பருப்பு, உளுந்து, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, பட்டாணி என்று எல்லாவற்றுக்கும் எதிரே அலர்ஜி இருப்பதாக வந்திருந்தது. அதைப் பார்த்த டாக்டர், "பருப்பு, பயறுன்னு எதையும் கிட்டயே கொண்டு வராதீங்க" என்று சொல்லிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். மிட்டாய் தின்ற பிள்ளை மூச்சுக்குத் தவித்ததைப் பார்த்தவள் நான். அவர் தண்ணீரே ஆகாது என்று சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன்.

பருப்பே இல்லாமல் நம் ஊரில் ஒரு பிள்ளையை வளர்த்துப் பாருங்கள், அப்போது தெரியும். இட்லி இல்லை, தோசை இல்லை, வடை இல்லை, சாம்பார் இல்லை, பொங்கல் இல்லை. நோன்பு மாதத்தில் பள்ளிவாசலிலிருந்து வரும் கஞ்சியில் பாசிப்பருப்பு கிடக்கும், அதுவும் இல்லை. கல்யாண வீட்டில் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள ஊற்றும் தால்ச்சாவும் இல்லை. எந்த விருந்துக்குப் போனாலும் அவளுக்கு மட்டும் தனித் தூக்குவாளி. காலையில் இடியாப்பம், இல்லையென்றால் கோதுமை. நான் அவளுக்கென்று தனிச் சட்டி, தனிக் கரண்டி, தனி அடுப்பு வைத்துக்கொண்டேன்.

எனக்கு ஊரிலுள்ள எல்லாத் தாய்மார்கள் மேலும் பொறாமை வந்தது. சாயங்காலம் வடைக் கடையில் நின்று, பேசிக்கொண்டே, என்ன ஏதென்று பார்க்காமல் பிள்ளை கையில் ஒரு வடையைக் கொடுக்கிறாளே, அந்தப் பெண்ணின் மேல் பொறாமை. டிபன் பாக்ஸில் நேற்றைய சாம்பார் சாதத்தை அடைத்துவிட்டு, பிள்ளை முழுசாகச் சாப்பிடவில்லை என்று குறைப்படுகிறாளே, அவள் மேல் இன்னும் கூடுதலாகப் பொறாமை. ஆனால் அதெல்லாம் தெருவோடு போகிற பொறாமை. வீட்டுக்குள் இருந்தது வேறு.

அக்கா கைப்பக்குவம் எங்கள் சொந்தத்தில் பேர் போனது. அவர் கடைந்து வைக்கும் பருப்பின் வாசம் மாடி வரை வரும். அவர் பையன் தட்டு நிறைய வாங்கி, வழித்துத் தின்பான். என் மகள் இடியாப்பத்தை வைத்துக்கொண்டு அவன் தட்டையே பார்ப்பாள். அக்காவும் சும்மா இருக்க மாட்டார். என் மகளை மடியில் உட்கார வைத்து, கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, நான் செய்த இடியாப்பத்தையே அவளுக்கு ஊட்டுவார். நான் ஊட்டினால் நாலு வாயோடு எழுந்து ஓடுகிற பிள்ளை, அவர் கையில் தட்டைக் காலி செய்வாள். பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு எரியும். சமைப்பது நான், பயப்படுவது நான், நடு ராத்திரியில் நெஞ்சில் காது வைத்து மூச்சைக் கேட்பது நான். பிள்ளை போய் ஒட்டிக்கொள்வது அங்கே. அந்த வீட்டில் 'வேணாம்', 'தொடாதே', 'கீழ வை' என்று சொல்கிறவள் நான். 'வா தங்கம்' என்று சொல்கிறவர் அவர். பிள்ளை யாரிடம் போகும்?

இப்படியே அவளுக்கு ஏழு வயதாகிவிட்டது. அப்போதுதான் அந்தக் காலை நடந்தது.

நான் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அக்கா விறுவிறுவென்று வந்து என் கையைப் பிடித்தார். "பதறாத. புள்ள இட்லி தின்னுருக்கா. பாதி. செத்த நேரத்துக்கு முந்தித்தான். இப்ப நல்லாத்தான் இருக்கா. கெளம்பு, போய்க் காட்டிட்டு வந்துருவோம்" என்றார்.

ஆட்டோவில் மகளை மடியில் வைத்து, அவள் உதட்டையும் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே போனேன். அப்போதுதான் விவரம் கேட்டேன். அக்கா பையன் பாதியில் வைத்துவிட்டுப் போன தட்டிலிருந்து அவளே எடுத்துத் தின்றிருக்கிறாள். தின்றதும் பயம் வந்து நேராகப் பெரியம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

"பெரியம்மா, நான் இட்லி தின்னுட்டேன். அம்மாட்ட சொல்லிறாதீங்க."

இதை அக்கா என்னிடம் மறைக்காமல் சொன்னார். மகள் சாகக் கிடக்கிறாளோ என்று பயந்துகொண்டிருந்த அந்த நேரத்திலும் எனக்கு அந்த ஒரு வரி சுருக்கென்று குத்தியது. உயிர் போகிற பயத்தில்கூட என் பிள்ளை என்னிடம் வரவில்லையே!

ஆஸ்பத்திரியில் மத்தியானம் வரை உட்கார வைத்துப் பார்த்தார்கள். ஒரு தடிப்பு இல்லை, ஒரு இருமல் இல்லை. பசிக்கிறது என்றாள் மகள். பணியிலிருந்த இளம் டாக்டர் எங்கள் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "உளுந்து ஒத்துக்கலைன்னா இந்நேரம் தெரிஞ்சிருக்கணும். ஆனா அரை இட்லிய வச்சு நாமளா முடிவு பண்ண வேணாம். மதுரையில அலர்ஜிக்குன்னே பாக்குற டாக்டர் இருக்காங்க, போய்ப் பாருங்க" என்றார்.

போனோம். அந்த டாக்டரம்மா பழைய ரத்தப் பரிசோதனையை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். என்னைப் பார்த்துக் கேட்டார். "அந்தக் கடலை மிட்டாய்க்கு முன்னாடி, பாப்பா இட்லி, பருப்பு சாதமெல்லாம் சாப்பிட்டிருக்காளா?"

"தினமும் சாப்பிடுவா டாக்டர். பருப்பு சோறு பிசைஞ்சுதான் ஊட்டுவேன்."

"அப்ப ஏதாவது வந்துச்சா?"

"ஒண்ணும் வந்ததில்ல."

இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. எனக்கும் தோன்றியதில்லை.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். நிலக்கடலையை முந்திரி, பாதாமோடு சேர்த்துச் சொன்னாலும் அது அவை மாதிரிக் கொட்டை இல்லையாம். துவரை, உளுந்து, பயறு எல்லாம் இருக்கிற அதே குடும்பமாம். "உங்க வீட்டுலயே அண்ணன் தம்பி பிள்ளைங்க ஒரே ஜாடையில இருப்பாங்க இல்ல? அந்த மாதிரி இந்தப் பருப்புகளோட புரதமும் ஒண்ணப் போல ஒண்ணு இருக்கும். நிலக்கடலைய எதிர்க்கிறதுக்காக பாப்பா ரத்தத்துல ஒரு எதிர்ப்புப் பொருள் உருவாகியிருக்கு. பரிசோதனையில அது ஜாடையப் பாத்துட்டு மத்த பருப்பையும் பிடிச்சுக்குது. ரிசல்ட் எல்லாத்துக்கும் இருக்குன்னு வருது. ஆனா நிஜமா சாப்பிட்டா பெரும்பாலான பிள்ளைங்களுக்கு மத்த பருப்பு ஒண்ணும் பண்றதில்ல. சில பேருக்குப் பண்ணும். எது எதுன்னு இங்க வச்சு, எங்க கண்ணு முன்னாடி கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துத்தான் கண்டுபிடிக்கணும்."

"வீட்டுல குடுத்துப் பாக்கலாமா?" என்றார் என் கணவர்.

"கூடவே கூடாது. முன்னாடி ஒத்துக்கிட்டதுகூட, ரொம்ப நாள் நிறுத்தி வச்சா ஒத்துக்காமப் போகலாம். இங்க ஊசி கையில வச்சுக்கிட்டு உக்காந்திருப்போம். நிலக்கடலை மட்டும் எப்பவும் தொடக் கூடாது."

வீட்டுக்குத் திரும்பினோம். சந்தோஷப்பட வேண்டியவள்தான். ஆனால் மனது முழுக்க, பருப்பு சாதம் தின்று வளர்ந்த மற்ற பிள்ளைகளே வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் கிடைத்த அத்தனை வருடம் என் மகளுக்கு மட்டும் சும்மா போய்விட்டதே என்று ஆற்றாமை.

முதல் சோதனைக்கு நாள் குறித்தார்கள். துவரம்பருப்பை உப்பு மட்டும் போட்டு வேகவைத்து வீட்டிலிருந்தே கொண்டு வரச் சொன்னார்கள். "மதினியும் கூட வரட்டும். நீ ஒத்தையில தடுமாறிப் போவ" என்றார் என் கணவர். எனக்கு விருப்பமில்லை. சொல்லவும் முடியவில்லை. ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். விடியற்காலையில் எழுந்து நானே பருப்பை வேகவைத்தேன். அக்கா அடுப்படிக்கு வந்து, "குடு, நான் கடைஞ்சு தாரேன்" என்றார். "வேணாங்க்கா, நான் பாத்துக்குறேன்" என்றேன். என் மகள் மறுபடி வாயில் வைக்கப் போகும் பருப்பு என் கையால் வெந்து, என் கையாலேயே ஊட்டப்பட வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறை. கட்டில், பக்கத்தில் ஊசி மருந்து எல்லாம் தயார். நர்ஸ் ஒரு சிறு ஸ்பூனில் நுனியளவு பருப்பை எடுத்து என்னிடம் கொடுத்தார். "பிஸ்மில்லாஹ்" சொல்லி மகள் வாயருகே கொண்டு போனேன்.

அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

கெஞ்சினேன். பொம்மை வாங்கித் தருகிறேன் என்றேன். தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கடைசியில் அழுதுகொண்டே சொன்னாள். "பருப்பு தின்னா மூச்சு நின்னுரும்னு நீதானம்மா சொன்ன?"

ஸ்பூன் பிடித்திருந்த என் கை நடுங்கியது. மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை, அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார். டாக்டரம்மா, "அவசரமில்ல, இன்னைக்கு முடியலைன்னா இன்னொரு நாள் வச்சுக்கலாம்" என்றார்.

பின்னால் நின்றிருந்த அக்கா என் தோளைத் தொட்டார். "நீ எந்திரி. செத்த நேரம் வெளிய போய் நில்லு."

"நான் அவ அம்மா."

"யாரு இல்லேன்னா? ஒன் கை நடுங்குது. அதப் பாத்தா யாரு வாயத் தொறப்பா? எந்திரிம்மா."

எழுந்தேன். வெளியே வந்து கதவுக் கண்ணாடி வழியே பார்த்தேன். அக்கா கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். முதலில் தான் ஒரு வாய் பருப்பை எடுத்துத் தின்றார். நாக்கைச் சப்புக்கொட்டி, முகத்தைச் சுளித்து என்னவோ சொன்னார். பருப்பில் உப்பு பத்தவில்லை என்று சொன்னதாகப் பிறகு தெரிந்தது. என் மகள் அழுகையோடு சிரித்தாள். அக்கா ஸ்பூனை நீட்டினார். என் மகள் வாயைத் திறந்தாள்.

நான் அங்கே நின்று அழுதேன். நடைபாதையில் போன ஒரு பெண், "பிள்ளைக்கு முடியலையாம்மா?" என்று கேட்டார். பிள்ளை நன்றாக இருக்கிறாள், அவளுக்கு ஊட்டுவது நானில்லை என்று அழுகிறேன் என்பதை எப்படிச் சொல்வது? நாலு வருடம் காத்திருந்த ஒரு வாய்ப் பருப்பு என் மகள் தொண்டையில் இறங்குகிறது. அல்ஹம்துலில்லாஹ் என்று உதடு சொல்கிறது. மனமோ, அந்த ஸ்பூனைப் பிடித்திருக்கும் விரல்களையே பார்க்கிறது. இப்படியொரு பொறாமையை நான் அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை.

கொஞ்ச நேரம் விட்டு இன்னும் கொஞ்சம், பிறகு இன்னும் கொஞ்சம். மத்தியானத்துக்குள் ஒரு கிண்ணம் பருப்பு முடிந்தது. ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போது காரில் மகள் அக்கா மடியில் தூங்கினாள். நான் முன் சீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்தடுத்த மாதங்களில் உளுந்து, பாசிப்பயறு, பட்டாணி என்று ஒவ்வொன்றாக அதே அறையில் சோதித்தார்கள். ஒவ்வொரு முறையும் அக்காதான் ஊட்டினார். ஒவ்வொன்றும் தேறியது. எங்கள் அடுப்படியில் மகளுக்கும் சேர்த்து இட்லிச் சட்டி ஏறியது. அவள் அக்கா பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவனோடு போட்டி போட்டுச் சாம்பார் ஊற்றித் தின்றாள். தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம், "பெரியம்மா கைராசி!" என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன். உள்ளுக்குள், ஒரு முறை, ஒரே ஒரு முறை அது என் கையாக இருக்கக்கூடாதா என்று ஏங்கினேன்.

கடைசியாக மிச்சமிருந்தது கொண்டைக்கடலை. அதைச் சின்ன வயதில் கொடுத்த ஞாபகம் எனக்கு இல்லை. சட்னி காரம் என்று பொட்டுக்கடலைச் சட்னிகூடத் தொட விட்டதில்லை. அதையும் டாக்டரிடம் சொல்லியிருந்தேன். அந்த முறை நான் கேட்டுவிட்டேன். "அக்கா, இன்னைக்கு நான் ஊட்டுறேன்."

அக்கா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "ஊட்டு. ஒன் மக, நீ ஊட்டாம யாரு ஊட்டுவா?" என்று சொல்லிவிட்டு, தானாகவே வெளியே போய்விட்டார்.

அன்று என் கை நடுங்கவில்லை. முதல் ஸ்பூனை வாங்கிக்கொண்டாள். இரண்டாவதும் வாங்கிக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாவது கொடுத்துக் கொஞ்ச நேரத்தில் கன்னத்தைச் சொறிந்தாள். கழுத்தில் தடிப்பு எழும்பியது. "அம்மா, நாக்கு என்னமோ பண்ணுது" என்றாள். இருமல் தொடங்கியது. பிறகு வாந்தி.

நர்ஸ் ஓடி வந்தார். டாக்டரம்மா தொடையில் ஊசியைப் போட்டார். எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் நடந்தது. என் பிள்ளை இரண்டு கையாலும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா, அம்மா, போகாதம்மா" என்று கத்தினாள். "எங்கயும் போகலடா, அம்மா இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நர்ஸ் அவளைப் படுக்க வைக்கச் சொன்னார். பிடியை விட மாட்டேன் என்றாள். அப்படியே அவளோடு நானும் கட்டிலில் சாய்ந்து படுத்துக்கொண்டேன். மெல்ல மெல்ல இருமல் நின்றது, தடிப்பு அடங்கியது. "பயப்படாதீங்க, இதுக்காகத்தான் இங்க வச்சுப் பாத்தோம். கொண்டைக்கடலை, கடலைப்பருப்பு, பொட்டுக்கடலை, கடலைமாவு மட்டும் வேணாம். மத்ததெல்லாம் தாராளமாச் சாப்பிடட்டும்" என்றார் டாக்டரம்மா.

படுத்தபடியே கதவுப் பக்கம் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா நின்றிருந்தார். முந்தானையை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தார். உள்ளே வரச் சொல்லிக் கையசைத்தேன். வந்தார். என் மகளின் காலைத் தடவினார். மகள் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, மறுபடி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அக்கா கையை எடுத்துக்கொண்டார். என்னைப் பார்க்காமலே சொன்னார். "பாத்தியா? திங்கிறதுக்குத்தான் பெரியம்மா. பயந்துட்டா அம்மாதான். இம்புட்டு வருசம் ஊட்டி என்ன, ஒரு நாளு என் கழுத்த இப்படிப் புடிச்சதில்ல அவ."

அவர் முகத்தில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. பெண் பிள்ளை வேண்டும் என்று அவர் எவ்வளவு ஆசைப்பட்டார், பிறகு ஏன் அது நடக்கவில்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியாதது இல்லை. தெரிந்தும் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. நான் அவரைப் பார்த்து வெந்துகொண்டிருந்த அத்தனை வருடமும், அவரும் என்னைப் பார்த்து அப்படித்தான் இருந்திருக்கிறார். அப்படி இருந்துகொண்டேதான் என் பிள்ளையைத் தொடும் முன் இரண்டு முறை கை கழுவியிருக்கிறார்.

நகர்ந்து படுத்து, கட்டிலில் அவருக்கும் கொஞ்சம் இடம் விட்டேன். அவர் ஓரமாக உட்கார்ந்தார்.

என் மகள் இப்போது வளர்ந்துவிட்டாள். கடைக்குப் போனால் இதில் கடலைமாவு இருக்கிறதா, கடலை எண்ணெயா என்று அவளே கேட்கத் தெரிந்துகொண்டாள். அவசர ஊசி இல்லாமல் நாங்கள் ஊருக்குப் போவதில்லை. பருப்பு கடைந்தால் அக்கா கடைந்ததுதான் வேண்டும் என்கிறாள், எனக்கு இன்னும் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது. காய்ச்சல் வந்தால் அம்மா மடிதான் வேண்டும் என்கிறாள், அப்போது அக்கா வேலை இருப்பதுபோல எழுந்து போய்விடுவார். ஒரு பிள்ளைக்காக இரண்டு பேர் ஒருவர் மேல் ஒருவர் இவ்வளவு பொறாமைப்படுவதும் அந்தப் பிள்ளைக்கு ஒரு பாதுகாப்புதான் என்று நினைத்துக்கொண்டு, அவர் எழுந்து போகும் நேரங்களில் இப்போதெல்லாம் நான்தான் அவரைத் திரும்பக் கூப்பிடுகிறேன்.